மூங்கில் குழாயில் குடிவந்த காட்டுத் தேனீக்கள்

முதல் தடவை தொங்கவிட்ட பன்னிரண்டு மூங்கில் கட்டுகளில் ஒரு தேனீகூடக் கூடு வைக்கவில்லை. எட்டில் எறும்பு குடியேறியிருந்தது, மூன்றில் பூஞ்சணம், ஒன்று காற்றில் அறுந்து விழுந்து சிதறிக் கிடந்தது. இரண்டாம் தடவை பாதி தேறியது. மூன்றாம் தடவைதான் நான் தேடி வந்த தேனீக்கள் வந்தன. ஒவ்வொரு தடவையும் எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். மழைக்காட்டில் இதே வேலையைத் தொடங்கப்போகிறவர்களுக்கு ஒரு பருவமாவது மிச்சமாகும்.

இடம் வால்பாறை. ஆழியாறு அணையைத் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கண்ணுக்கு எட்டிய வரை தேயிலை. அந்தத் தேயிலைக்கு நடுவே பழைய மழைக்காடு துண்டு துண்டாக நிற்கிறது. சில துண்டுகளை அரைமணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். அந்தத் துண்டுகளில் எந்தெந்தத் தேனீக்கள் தங்கியிருக்கின்றன, தரையோரம் இருப்பவையும் மர உச்சியில் இருப்பவையும் ஒன்றுதானா என்பதுதான் என் கேள்வி.

தேனீ என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை கூட்டமாக வாழ்பவை. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் பெரிய அடை தொங்கவிடும் மலைத் தேனீ, பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை கட்டும் அடுக்குத் தேனீ, மெழுகுக் குழல் வாசலில் காவல் நிற்கும் கொசுத் தேனீ. ஆனால் உலகில் இதுவரை பெயரிடப்பட்டிருக்கும் 20,000க்கும் மேற்பட்ட தேனீ இனங்களில் பெரும்பாலானவை தனியாக வாழ்பவை. ராணி இல்லை, வேலைக்காரத் தேனீ இல்லை, தேன் சேமிப்பும் இல்லை. ஒரு பெண் தேனீ தானே கூடு கட்டி, தானே மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு அறையை மூடிவிட்டுப் போய்விடும். சுரும்பு, ஞிமிறு, தும்பி என்று பழைய தமிழில் எத்தனை பெயர்கள் இருந்தன! இன்று இந்தத் தனித் தேனீக்கள் எல்லாவற்றையும் ‘வண்டு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

இவற்றை மழைக்காட்டில் பார்ப்பது கஷ்டம். கைவலை மூன்று மீட்டருக்கு மேல் எட்டாது, பூப்பதோ இருபது முப்பது மீட்டர் உயரத்தில். மஞ்சள், நீலம், வெள்ளைக் கிண்ணங்களில் சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். வெட்டவெளியில் நன்றாக வேலை செய்யும் முறைதான். இருட்டான காட்டுத் தரையில் அதில் விழுந்ததெல்லாம் ஈயும் ஓட்டுச் சிறகுள்ள சிறு வண்டுகளும். சரி, பிடிக்க முடியாவிட்டால் வரவழைக்கலாம் என்று மூங்கிலுக்கு வந்தேன். தனித் தேனீக்களில் பெரும்பாலானவை மண்ணில் குடைந்து கூடு வைப்பவை. அவை இந்த முறைக்குள் வராது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பட்ட மரத்தில் வண்டு குடைந்த துளை, காய்ந்த தண்டின் பொந்து இவற்றைத் தேடும் இனங்களும் கணிசம். அவற்றுக்கு ஏற்ற துளையைச் செய்து தொங்கவிட்டால் தாமாகவே வரும்.

முதல் தடவை எங்கே தவறியது என்றால், மூங்கிலிலேயே. அனுமதிக் கடிதம் கைக்கு வரும்போது மே மாதம் முடிந்துவிட்டது. அவசரத்தில் பச்சை மூங்கிலை வெட்டி, ஒரு வாரம் வெயிலில் போட்டு, ஜூன் முதல் வாரம் தொங்கவிட்டேன். தென்மேற்குப் பருவமழை அதே வாரம் இறங்கியது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊர் இது. பத்தே நாளில் குழாய்களின் உள்சுவர் பச்சையும் கருப்புமாகப் பூத்துவிட்டது. பச்சை மூங்கிலில் மாவுச்சத்து அதிகம். பூஞ்சைக்கும் உளுப்பூச்சிக்கும் அது சாப்பாடு.

அடுத்த தடவைக்கு, பொள்ளாச்சியில் கூடை பின்னுகிற ஒரு பெரியவரிடம் போனேன். நான் கொண்டுபோன குழாயை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “அம்மிணி, இதைத் தண்ணியில போட்டீங்களா?” என்றார். இல்லை என்றேன். தேய்பிறையில் வெட்டி, ஓடுகிற தண்ணீரில் மூன்று வாரம் மூழ்கப் போட்டு, அப்புறம் நிழலில் ஒரு மாதம் காய வைத்தால் உளுக்காது என்று சொல்லி, அப்படியே செய்தும் கொடுத்தார். தேய்பிறைக்கும் மூங்கிலுக்கும் என்ன தொடர்பு என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை. ஊறப்போடுவதன் காரணம் தெரிந்ததுதான், மாவுச்சத்தும் சர்க்கரையும் தண்ணீரில் கரைந்து போய்விடுகிறது. அவர் கொடுத்த குழாய்கள் இரண்டு மழைக்காலம் தாண்டியும் உளுக்காமல் இருக்கின்றன.

பெருமூங்கில் இதற்கு ஆகாது, துளை மிகப் பெரிது. கணுவில் கிளைக்கும் பக்கக் கொம்புகளும் மெல்லிய மூங்கிலும்தான் வேண்டும். துளை 4 மில்லிமீட்டரிலிருந்து 12 மில்லிமீட்டர் வரை. இதை அளக்க நான் கண்ட எளிய வழி டிரில் பிட். 4, 6, 8, 10, 12 என்று ஐந்து பிட்டுகளைப் பையில் வைத்துக்கொண்டு, எது சரியாக நுழைகிறதோ அந்த எண்ணைப் பெயின்டால் குழாயில் எழுதிவிடுவேன். ஒரு பக்கம் கணு இருக்க வேண்டும், அதுதான் கூட்டின் பின்சுவர். கணுவுக்கு ஒரு விரல் பின்னால் ஒரு வெட்டு, முன்னால் 15 சென்டிமீட்டரில் இன்னொரு வெட்டு. பல் நெருக்கமான ஹேக்ஸா பிளேடு வேண்டும், இல்லையென்றால் வாய் சிம்பு சிம்பாகப் பிரியும். வாயை உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்க்க வேண்டும். இந்த ஒரு வேலையில் சோம்பல் படவே கூடாது. ஒரு சிம்பு நீட்டிக்கொண்டிருந்தாலும் சிறகு கிழியும். அப்படிப்பட்ட குழாய்க்குள் தேனீ எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதை நானே பலமுறை பார்த்தேன்.

சில குழாய்களை நெடுக இரண்டாகப் பிளந்து, மறுபடி சேர்த்து, மாஸ்கிங் டேப் சுற்றி வைத்தேன். உள்ளே நடப்பதைக் கூட்டைச் சிதைக்காமல் திறந்து பார்க்கலாம் என்ற ஆசை. தேனீக்கள் அவற்றை அதிகம் சீண்டவில்லை. பிளவு வழியாக வெளிச்சமோ ஈரமோ கசிந்திருக்கலாம். இப்போது முழுக் குழாயே வைக்கிறேன், திறக்க வேண்டுமானால் கடைசியில் பிளந்துகொள்ளலாம்.

இருபது குழாய்களைச் சேர்த்து, 4 அங்குல பிவிசி பைப்பின் 20 சென்டிமீட்டர் துண்டுக்குள் இறுக்கிச் செருகினால் ஒரு கட்டு. பைப்பின் விளிம்பு குழாய் வாய்களைத் தாண்டி நீண்டு மழைச்சாரலைத் தடுக்கும். மேலே பழைய பிளக்ஸ் பேனரில் வெட்டிய ஒரு கூரை.

கட்டு ரெடி. அதை உயரத்துக்கு ஏற்றுவது தனி வேலை. என்னுடன் வந்தவர் அந்தப் பகுதிக் காடர் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்த அண்ணன். தேன் எடுக்கப் பெருமரங்களில் ஏறிப் பழகியவர். ஆனால் வாரம் ஒருமுறை இறக்கிப் பார்க்க வேண்டிய கட்டுக்கு ஒவ்வொரு முறையும் அவரை ஏறச் சொல்வது நியாயமில்லை. அதனால் உண்டிவில். தூண்டில் நரம்பின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டி, கிளைக்கு மேலே அடிக்க வேண்டும். குண்டு மறுபக்கம் இறங்கியதும் நரம்போடு மெல்லிய கயிறு, கயிறோடு நைலான் கயிறு என்று ஒவ்வொன்றாக இழுத்தால் கொடி ஏற்றுவது மாதிரிக் கட்டை ஏற்றி இறக்கலாம். நான் பத்து அடித்தால் ஒன்று கிளையில் விழும். அண்ணனுக்கு இரண்டாவது அடியே போதும். நரம்பைச் சுருட்டி வைக்காமல், விரித்த துணியில் வளையம் வளையமாகப் போட்டுவிட்டு அடித்தால் சிக்காது என்பது அவர் சொல்லிக்கொடுத்தது.

ஒவ்வொரு மரத்திலும் இரண்டு கட்டுகள், தலைக்கு எட்டும் உயரத்தில் ஒன்று, 18 மீட்டர் அளவில் ஒன்று.

எறும்புக்குத்தான் அதிக நாள் யோசித்தேன். கயிற்றில் கிரீஸ் தடவினால் மழை கழுவிவிடுகிறது, வெயிலில் உருகிச் சொட்டுகிறது. சொட்டிய கிரீஸில் கால் ஒட்டி ஒரு சிறு தேனீ செத்துக் கிடந்ததைப் பார்த்த அன்று அதை நிறுத்திவிட்டேன். கடைசியில் கைகொடுத்தது தண்ணீர் பாட்டில். பாட்டிலின் மேல்பாதியை வெட்டி, மூடியில் துளையிட்டு, கட்டைத் தாங்கும் கம்பியை அதன் வழியே விட்டு, மணி கவிழ்ந்தது போல் தொங்கவிட வேண்டும். கிரீஸைப் பாட்டிலின் உள்பக்கம் மட்டும் தடவ வேண்டும். மூடித் துளையை எம்சீல் வைத்து அடைக்காவிட்டால் எறும்பு அந்த வழியாகக் கம்பியோடு நேராக இறங்கிவிடும். மழை உள்ளே படாது, தேனீ அந்தப் பக்கம் போகாது. கம்பி வழியாக இறங்குகிற எறும்பு பாட்டிலின் வெளிப்பக்கம் இறங்கி, விளிம்பைச் சுற்றி உள்ளே திரும்பும்போது நின்றுவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ் மாற்றினால் போதும்.

இரண்டாம் தடவை எறும்பும் இல்லை, பூஞ்சணமும் இல்லை. ஆனால் ஒரு காலையில் நான்கு கட்டுகளின் குழாய்கள் தரையெல்லாம் உதிர்ந்து கிடந்தன. சில நடுவில் கடித்துப் பிளக்கப்பட்டிருந்தன. சோலைமந்தி, சிங்கவால் குரங்கு. பட்டையையும் காய்ந்த குச்சியையும் பிரித்துப் புழு தேடித் தின்பது அதன் அன்றாட வேலை, நான் இருபது குச்சிகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெங்கும் இல்லாத குரங்கு அது, அதை விரட்டும் யோசனையே எனக்கு வரவில்லை. கட்டைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டுக் கோழிவலை அடித்தோம். விரல் நுழையும், குழாய் எட்டாது. தேனீக்கு வலை ஒரு தடையே இல்லை, நான்கைந்து முறை வந்து போனதும் எந்தக் கண் வழியாக நுழைவது என்று பழகிவிடுகிறது.

மூன்றாம் தடவை ஜனவரி இரண்டாம் வாரம் ஏற்றினோம். பனி விலகி, காட்டு நாவல் மரங்கள் மொட்டு வைக்கும் நேரம். காலை ஒன்பதுக்கு முன்னால் காட்டுக்குள் போகமாட்டோம், யானை அருகில் இருக்கிறது என்று எச்சரிக்கும் சிவப்பு விளக்கு எரிந்தால் அன்று வேலையே இல்லை.

முதலில் வந்தவை குளவிகள். கீழ்க்கட்டுகளில் பாதிக்கு மேல் குளவிதான். மயக்கிய சிலந்திகளை அடைத்து மண்ணால் மூடியவை, பச்சைப் புழுக்களை அடைத்தவை, காய்ந்த புல்லைத் திணித்துத் துடைப்பம் மாதிரி வாசலில் நீட்டிவைத்தவை. தேனீ ஆய்வு என்று வந்தவர் குளவியைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம், அதையும் பதிவு செய்யுங்கள். எந்தக் காட்டில் எந்தப் புழுவும் சிலந்தியும் கிடைக்கிறது என்ற கணக்கு அந்தக் குழாய்க்குள் இருக்கிறது.

பிப்ரவரி கடைசியில் இலைவெட்டித் தேனீ வந்தது. கீழ்க்கட்டு ஒன்றில், 8 மில்லிமீட்டர் குழாயில். அதைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தேன், காலில் அட்டை ஏறியதுகூடத் தெரியவில்லை. நீள்வட்டமாக வெட்டிய இலைத் துண்டை வயிற்றுக்கு அடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்து, வேகம் குறையாமல் வலைக் கண்ணுக்குள் நுழைந்து, குழாய்க்குள் மறைந்துவிடும். உள்ளே இலை கசங்கும் மெல்லிய ஒலி. அறைச் சுவர் முடிந்ததும் மகரந்தம். இந்தக் குடும்பத்துத் தேனீக்கள் மகரந்தத்தைக் காலில் அல்ல, வயிற்றின் அடிப்பக்க மயிரில் சுமக்கின்றன. வயிறு முழுக்க மஞ்சளாக வந்து, முதலில் தலைப்பக்கமாக உள்ளே போய்ப் பூந்தேனைக் கக்கும். குழாய்க்குள் திரும்ப இடமில்லை, அதனால் பின்னாலேயே வெளியே வந்து, வாசலில் ஒரு சுற்றுத் திரும்பி, இப்போது பின்பக்கமாக உள்ளே நுழைந்து, மகரந்தத்தைத் துலக்கி உதிர்க்கும். ஒவ்வொரு நடையிலும் இதே ஒழுங்கு. முட்டையிட்டதும் வட்டமாக வெட்டிய இலைகளை மூடியாக வைத்து அடைத்துவிட்டு, அடுத்த அறை. பெண் குஞ்சாகப் போகும் முட்டைகள் உட்பக்க அறைகளில், ஆண் முட்டைகள் வாசல் பக்கம். ஆண்தான் முதலில் வெளியே வரும் என்பதால் வழி மறிக்காது.

மேல்கட்டுகளில் கதை வேறு. அங்கே இலையைவிடப் பிசின் அதிகம். மார்ச் நடுவில் இறக்கிய ஒரு கட்டில் மூன்று குழாய்களின் வாய் கருப்பாக, கண்ணாடி மாதிரிப் பளபளவென்று அடைபட்டிருந்தது. நான் தார் என்றே நினைத்தேன், தேயிலைத் தோட்டத்துச் சாலைப்பணியில் எடுத்திருக்கும் என்று. அண்ணன் ஓரத்தில் கடுகளவு கிள்ளி, இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துச் சூடாக்கி முகர்ந்தார். எனக்கும் நீட்டினார். சாம்பிராணி வாசனை.

“குங்கிலியம் மேடம். ஓடைக்கு மேல ஒரு மரம் நிக்குது, வாங்க.”

கட்டு இருந்த இடத்திலிருந்து நடந்து எண்ணினேன், 180 காலடி. கருங்குங்கிலிய மரம் நெட்டையாக நின்றது. பட்டையில் பழைய காயம், அதிலிருந்து பிசின் வடிந்து கருத்து உறைந்திருந்தது. புதிதாகக் கசிந்த இடத்தில் கொசுத் தேனீக்கள் நெருக்கியடித்துக்கொண்டு, பின்னங்காலில் உருண்டை உருண்டையாகப் பிசின் சேர்த்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே பெரிதாக, கருப்பு உடம்போடு, தாடையை மண்வெட்டி மாதிரி வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தது மெகாகைலி பேரினத்துப் பிசின் தேனீ. ஒரு துளியை வாயில் கவ்வியபடி எழும்பி, நாங்கள் வந்த திசையில் போனது.

அந்த ஐந்து நிமிடம் என் ஆய்வையே திருப்பிவிட்டது. அதுவரை எத்தனை இனம், எத்தனை கூடு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று முதல் ஒவ்வொரு கூட்டிலும் அது எதனால் கட்டப்பட்டது என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்கினேன். கட்டு தொங்கும் மரத்தைச் சுற்றி என்ன பூக்கிறது என்று மட்டும் எழுதி வந்தவள், பிசின் வடியும் மரங்கள் எங்கே, பட்ட மரங்கள் எத்தனை நிற்கின்றன என்பதையும் எழுதத் தொடங்கினேன். பூ எவ்வளவு இருந்தாலும், குடியிருக்கத் துளையும் கதவு அடைக்கப் பிசினும் இல்லாவிட்டால் இந்தத் தேனீ அந்தத் துண்டுக் காட்டில் இருக்க முடியாது. ஓரத்துக் காடுகளில் பட்ட மரங்களை விறகுக்கு எடுத்துவிடுகிறார்கள். குங்கிலிய மரத்தின் அடியில் தீ மூட்டிப் பிசின் வடியவைக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு, மரம் அதில் பட்டுப்போகும். அளவோடு கொத்தி எடுக்கும் அண்ணனுக்கு அந்த வேலையைக் கண்டாலே கோபம். என் சிறிய கணக்கில், குங்கிலிய மரம் கண்ணில் பட்ட இரண்டு துண்டுகளில் பிசின் மூடிய கூடுகள் கிடைத்தன, அது இல்லாத மூன்றாவது துண்டில் ஒன்றுகூட இல்லை. மூன்று இடத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் அடுத்த பருவம் எங்கே போக வேண்டும் என்று சொல்லிவிட்டது.

அடைபட்ட குழாயை எடுத்ததும் அதே அளவுள்ள காலிக் குழாயை அதே இடத்தில் செருகிவிடுவேன். கூட்டைப் பெரிய சோதனைக்குழாயில் போட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி, திண்ணையில் வைப்பேன். அறைக்குள் வைக்கக் கூடாது. வெளியே உள்ள சூடும் ஈரமும் அதற்கும் கிடைக்க வேண்டும். பஞ்சு அடைத்த முதல் சிலவற்றில் ஈரம் தங்கி மகரந்தத்தில் பூஞ்சணம் பூத்துவிட்டது, துணிக்கு மாறியதும் நின்றது.

ஏப்ரல் 20க்கு மேல் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இலைவெட்டியின் ஒரு கூட்டிலிருந்து ஆறு அறைக்கு நான்கு இலைவெட்டிகளும், வயிற்றின் நுனி கூம்பாகக் கூர்மையான இரண்டு தேனீக்களும். சீலியாக்சிஸ், குயில் மாதிரி அடுத்தவர் கூட்டில் முட்டையிடும் பேரினம். நான் வாசலில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மணிநேரத்தில், தாய் வெளியே போன நேரம் பார்த்து அது உள்ளே போயிருக்கலாம், நான் கவனிக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்து மகிழ்ந்தேன். இலைவெட்டிகள் போதுமான அளவில் இருக்கும் இடத்தில்தான் அவற்றை நம்பி வாழும் ஒன்றும் பிழைத்திருக்க முடியும்.

பெயர் கண்டுபிடிப்பது இன்னும் முடியவில்லை. இந்தியத் தேனீக்களுக்கு இனம் காண உட்கார்ந்தால், பல பேரினங்களுக்கு 1897இல் பிங்கம் என்ற ஆய்வாளர் எழுதிய விவரிப்பு வரைக்கும் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. ஒரு கூட்டுக்கு ஒரு ஆண், ஒரு பெண் மட்டும் ஊசியில் குத்தி வைத்தேன். மற்றவற்றை அந்தந்த மரத்தடிக்கே கொண்டுபோய் விட்டுவிட்டேன். துணியை அவிழ்த்ததும் உடனே பறக்காது. விளிம்பில் நின்று சிறகை நடுக்கி உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, அப்புறம்தான் கிளம்பும்.

மே கடைசியில், மழைக்கு முன்னால், எல்லாக் கட்டுகளையும் இறக்கினோம். பிசின் மூடிய குழாய்களில் ஒன்று மட்டும், எண் 37, இன்னும் திறக்கவில்லை. பிளந்து பார்க்கலாம் என்று மூன்று முறை கத்தியை எடுத்து வைத்துவிட்டேன். சில இனங்களின் புழு கூட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். அதனால் திண்ணையில் அதன் இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

போன வாரம் பொள்ளாச்சிப் பெரியவருக்குப் போன் செய்தேன். கார்த்திகை அமாவாசைக்கு முந்தின வாரம் வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை 4 மில்லிமீட்டர் துளையுள்ளவை கூடுதலாகக் கேட்டிருக்கிறேன். மேல்கட்டுகளில் அந்த அளவுதான் முதலில் நிரம்பியது.